ஹாலில் ஒருவர்

அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் நான் லைப்ரரியில் வேலை பார்ப்பதாகத்தான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தேன். "அந்த லைப்ரரி சரிப்பட்டு வராதுப்பா. வேற லைப்ரரிக்கு மாறிடலாம்." எதிரில் அம்மா டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இருக்கற இடத்துல என்ன குறை உனக்கு? புத்தகத்துக்கு நடுவுல, ஃபேன் காத்துல உக்காந்திருக்கற வேலை. அதைப் போய் விடறேங்கறே."

தலையில் அடித்துக்கொண்டேன். நான் சொன்ன லைப்ரரி புத்தகம் இருக்கிற இடம் இல்லை, யாரோ முன்னமே எழுதி வைத்த ப்ரோக்ராம்களின் தொகுப்பு, நமக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம் என்று பொறுமையாக விளக்கினேன். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அதான் நானும் சொல்றேன். யாரோ எழுதி வச்சதை நீ எடுத்துப் பாக்கறே. லைப்ரரிதானே?" என்றாள்.

என் வேலை கேமராக்களோடு. பெரிய கடைகளில் வாசலுக்கு மேலே மாட்டியிருப்பார்களே, அவற்றிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் நேரலை வீடியோவை வாங்கி, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். லைப்ரரியில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. அது கொஞ்ச நேரம் இடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும். எது அசையாமல் அங்கேயே இருக்கிறதோ அதையெல்லாம் பின்னணி என்று கற்றுக்கொள்ளும். சுவர், அலமாரி, மேஜை. பிறகு புதிதாக என்ன வந்தாலும் அது ஆள். பின்னணியைக் கறுப்பாகவும் ஆளை வெள்ளையாகவும் வரைந்து காட்டும். அந்த வெள்ளையைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடுவது என் வேலை. கட்டத்தை எண்ணினால் ஆளை எண்ணியது போல.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஓர் ஆள் வெகுநேரம் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டால் அவரும் ஏதோ அலமாரி போல என்று அது நினைத்துக்கொள்ளும். ஆள் மெல்லக் கறுப்பில் கரைந்துவிடுவார். அப்புறம் அவர் நகர்ந்து போகும்போதுதான் வேடிக்கை. அவர் நின்ற இடம் காலியாகிவிட்டதே, அது புதிதாகத் தெரியும். யாரும் இல்லாத இடத்தில் அச்சாக அவர் உருவத்தில் ஒரு வெள்ளை நின்றுகொண்டிருக்கும். அதற்கு இந்தத் தொழிலில் பெயரே பேய்தான். நாங்களாக வைத்த பெயர் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் இருக்கிறார், கேட்காமலே எல்லோருக்கும் ஆலோசனை சொல்வதால் மந்திரி என்று பெயர். காலையில் வந்ததும், "என்னம்மா, இன்னைக்கு எத்தனை பேய் ஓட்டினே?" என்பார். "ஒண்ணு இங்கயே உக்காந்திருக்கு, அதைத்தான் ஓட்ட முடியல" என்பேன்.

அம்மாவுக்கு மறதி வந்தபோது இந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் கடைக்குப் போகிறேன் என்று இறங்கியவள் அடுத்த தெருவில் எங்கள் வீடு போலவே நீலக் கதவு வைத்த வீட்டுக்குள் போய், "யாரைக் கேட்டு எங்க வீட்டுல குடி வந்தீங்க?" என்று அங்கிருந்தவர்களோடு மல்லுக்கு நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அந்த வாரம் வந்தவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே பேசினார்.

"எனக்கு மட்டும் ஆசையா என்ன? ரோட்டுல ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? இன்னொரு தடவை இந்த மாதிரி வெளிய போனாங்கன்னா, நான் சொல்ற எடத்துல சேத்துடணும். பாத்துக்க ஆள் இருக்கு, நல்ல இடம். சரியா?"

சரி என்று வாய்தான் சொன்னது. அவர் மோசமான மனுஷர் இல்லை, சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்த இடத்தை நான் போய்ப் பார்த்திருந்தேன். வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒருவர், எல்லோரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவை அங்கே விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன்.

வெளியே பூட்டிவிட்டுப் போகலாமா என்றால், "என்னைக் கோழி மாதிரி கவுத்து வைக்கப் போறியா?" என்று அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். அதனால் ஹால் கதவுக்கு மேல் ஒரு கேமரா மாட்டினேன். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ப்ரோக்ராமை ஓடவிட்டேன். ஆள் முகத்தையே அடையாளம் கண்டுபிடிக்கிற புது வழிகள் எல்லாம் அந்தக் கிழட்டுப் பெட்டிக்குத் தாங்காது. இந்த எளிய வழி போதும். ஹாலில் எத்தனை பேர் என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் போனில் வந்துகொண்டிருக்கும். ஹால் காலியானால் போன் அலறும். அலறினால் நான் கீழ்வீட்டு டெய்லரக்காவைக் கூப்பிடுவேன், அவர் மாடிப்படியிலேயே அம்மாவை மடக்கிவிடுவார். சமையலறையோ பாத்ரூமோ போனாலும் அலறும்தான். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

முதல் வாரமே உயிரை வாங்கியது. முக்கியமான மீட்டிங்கில் இருக்கும்போது, "ஹால் காலி" என்று அலறல். டெய்லரக்கா போனை எடுக்கவில்லை. டாக்ஸி பிடித்து, படிகளைத் தாவித் தாவி ஏறிக் கதவைத் திறந்தால், ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் அம்மா சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி, லைப்ரரியை அதுக்குள்ள சாத்திட்டாங்களா?"

ஜன்னலோரம் உட்கார்ந்தால் அம்மா பிடித்து வைத்த பிள்ளையார்தான். சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கண்ணைத் தவிர எதுவும் அசையாது. முன்பெல்லாம் அப்படி உட்கார்ந்தவள் இல்லை. ஓர் இடத்தில் தரிக்காமல் எதையாவது துடைத்துக்கொண்டும் யாரையாவது திட்டிக்கொண்டும் இருப்பாள். இப்போது மறதி அவள் கைகால்களையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டது போலிருந்தது.

ஆபீஸில் திரையில் அது நடப்பதைப் பார்த்தேன். கறுப்பு ஹாலில் வெள்ளையாக அம்மா உட்கார்ந்திருந்தாள். முதலில் பாதங்கள் மங்கின. பிறகு மடி. பிறகு கோத்த கைகள் ஓட்டை ஓட்டையாக உதிர்ந்தன. கடைசியில் தலை மட்டும் கொஞ்ச நேரம் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு அதுவும் போய்விட்டது. போன் அலறியது. இது இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அணு அணுவாகத் தெரியும், ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். கேமராவில் பேசவும் வசதி உண்டு. பக்கத்தில் ஆள் இருப்பதையும் மறந்து, "அம்மா, கையை ஆட்டு! கையை ஆட்டும்மா!" என்று கத்தினேன்.

கறுப்பு ஹாலில் ஒரு கை மட்டும் தோன்றியது. மேலே எழுந்து, எனக்கு டாட்டா காட்டுவது போல ஆடிவிட்டு, இறங்கி மறைந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்தேன். ஒரு கட்டம் கதவுப் பக்கம் நகராமல், இருந்த இடத்திலேயே மறைந்தால், அதை அழிக்காதே. ஆள் அங்கேதான் அசையாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு கட்டத்தை அப்படியே வைத்திரு. அந்தக் கட்டத்துக்குள் இனிமேல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாதே. இவ்வளவுதான், சில வரிகள். மந்திரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இப்படிப் பண்ணா, பேய் வந்துச்சுன்னா போகவே போகாதேம்மா."

"எங்க வீட்டுக்குப் பேய் வந்தா அதுக்கும் ஒரு டீ போட்டுக் குடுத்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அதற்கப்புறம் நிம்மதி. போனை எப்போது எடுத்துப் பார்த்தாலும், "ஹாலில் ஒருவர்." மீட்டிங்கில், சாப்பிடும்போது, லிஃப்டுக்கு நிற்கும்போது, அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துவிட்டுப் போனை உள்ளே போடுவேன். ஆரம்பத்தில் படத்தைத் திறந்து அம்மாவின் முகத்தையும் பார்ப்பேன். போகப் போக வார்த்தையே போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்காரர்கூட, "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்" என்றார். அந்த இடத்தைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். மதியம் ஒரு தடவை, "ஹாலில் இருவர்" என்று வந்தது. டெய்லரக்கா மேலே வந்திருப்பார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில், "ஹாலில் ஒருவர்." பேசிவிட்டுக் கிளம்பியிருப்பார். அம்மாவுக்கும் பேச்சுத்துணை கிடைத்ததே என்று மனசுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. டீ நேரத்தில் அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று போன் போட்டேன்.

"நான் எங்கம்மா மேல வந்தேன்? ஜிப்பு, நூலெல்லாம் வாங்க மார்க்கெட்டுக்கு வந்துட்டேனே" என்றார். பிறகு, "காலைல ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டு, லைப்ரரி எப்ப சாத்துவாங்கன்னு கேட்டாங்க உங்கம்மா. சாயங்காலம் சாத்துவாங்கன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்" என்றார்.

படத்தைத் திறந்தேன். ஜன்னல் வெயில் பிரம்பு நாற்காலியில் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. யாரும் இல்லாத நாற்காலியைச் சுற்றிப் பச்சைக் கட்டம் அழகாக நின்றிருந்தது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். அதில் அம்மா இருந்தாள். சற்றே சாய்ந்த தலை, தோள், சால்வை சரிந்த கோடு, மடியில் கோத்த கைகள். ஓட்டை உடைசல் இல்லாமல், உயிரோடு உட்கார்ந்திருந்தபோதுகூட அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நாற்காலியில் அம்மா இருப்பதுதான் வழக்கம் என்று அது கற்றுவிட்டது. அவள் எழுந்ததும் நடக்கிற அம்மா ஒருத்தி, அவள் விட்டுப்போன இடம் ஒருத்தி என்று இருவர். அவள் கதவைத் தாண்டியதும் மிச்சம் ஒருவர். ஹால் காலியாகவே இல்லை, போன் எப்படி அலறும்? எல்லாம் நான் எழுதியபடிதான் நடந்திருந்தது. கைப்பையை எடுத்தேனா, மந்திரி என்ன கேட்டார், ஒன்றும் நினைவில்லை.

ஊரில் ஒரே லைப்ரரிதான், மார்க்கெட்டைத் தாண்டி. நடுவில் இரண்டு பெரிய ரோடுகளைக் கடக்க வேண்டும். எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா என்று டாக்ஸி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டே போனேன். கூட்டத்தைப் பார்த்துவிடக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டே போனேன். லைப்ரரியில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "வயசானவங்க யாரும் வரலியேம்மா. வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார். படிக்கிற கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். மேஜைகள், அலமாரிகள், செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்ட இரண்டு மூன்று பேர். அம்மா இல்லை. திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன். அப்போது பின்னால், கண்ணின் ஓரத்தில், ஒரு கை எழுந்து சால்வையைச் சரிசெய்தது.

அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னாலேயே நடந்து போயிருக்கிறேன். ஓடிப்போய் மண்டியிட்டு அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். போன உயிர் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அம்மா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க இங்க வேலை பாக்கறீங்களாம்மா?"

நீங்க. பிறந்ததிலிருந்து அம்மா என்னை நீ என்பாள், 'டி' போட்டுப் பேசுவாள், கோபம் வந்தால் சனியனே என்பாள். அடித்திருக்கிறாள், விளக்குமாற்றைத் தூக்கியிருக்கிறாள். அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த ஒரு 'நீங்க' என்னைத் தூக்கி ரோட்டில் போட்டது மாதிரி இருந்தது.

"என் பொண்ணு இங்கதான் வேலை பாக்கறா" என்றாள். "சாத்தினதும் வருவா. வெயில்ல தனியா வருவாளேன்னு கூட்டிட்டுப் போக வந்தேன். அவ எந்த ரூம்னு உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "உங்க பொண்ணு இப்பதான் வீட்டுக்குக் கிளம்பினா. வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

நானும் நீங்க போட்டுப் பேசியது அவளுக்குத் தைரியமாக இருந்ததோ என்னவோ, பேசாமல் எழுந்து வந்தாள். டாக்ஸியில் என் மேல் பட்டுவிடாமல் ஓரமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுப் படியில் ஏறும்போது, "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்றாள். வாசலில் செருப்பை நடுவில் உதறிவிட்டு உள்ளே போவதுதான் அவள் வழக்கம், அதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். இன்று கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள்.

ஹாலுக்குள் வந்ததும் நின்றுவிட்டாள். சால்வையை இழுத்து ஒழுங்காகப் போர்த்திக்கொண்டாள், பெரியவர்கள் முன்னால் நிற்பது போல.

"உக்காருங்க" என்று பிரம்பு நாற்காலியைக் காட்டினேன்.

"ஐயோ, அதுல அவங்க உக்காந்திருக்காங்களே."

அம்மா அந்தத் திரையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கட்டம், கறுப்பு வெள்ளை, எதைப் பற்றியும் நான் அவளிடம் பேசியதில்லை.

"யாரு?"

"இந்த வீட்டம்மா." குரலைத் தணித்துக்கொண்டாள். "எப்பவும் அங்கதான் உக்காந்திருப்பாங்க. வந்ததுலேர்ந்து பாக்கறேன், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் வந்தது பிடிக்கலபோல. பொண்ணு வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிடுங்கம்மா. நான் கிளம்பறேன்."

சொல்லிக்கொண்டே வாசலுக்குத் திரும்பி, செருப்புக்குள் காலை விட்டாள். நான் குறுக்கே நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்குப் பிடித்துக்கொள்வேன். நாளைக்கு?

கையில் போன் இருந்தது. ப்ரோக்ராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் அந்த வெள்ளை உருவம் போய்விடும், ஒரு பொத்தான் வேலை. ஆனால் அது முதலிலிருந்து கற்க வேண்டுமானால் ஹாலில் ஒருவரும் இருக்கக்கூடாது. எல்லோரும் வெளியே போக வேண்டும். அம்மாவை நானே வெளியே அனுப்ப வேண்டும். அப்படிப் போனால், யாருமில்லாத நாற்காலிக்கு அவள் திரும்பி வருவாளா, இல்லை, அந்த வீட்டம்மாவையும் நான் துரத்திவிட்டேன் என்று ஆகிவிடுமா? இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை நான். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

பிறகு போனைத் தாழ்த்திவிட்டு நாற்காலியைப் பார்த்துப் பேசினேன்.

"அம்மா, இவங்க நம்ம கூடவே கொஞ்ச நாள் இருக்கட்டும். என்னம்மா சொல்றே?"

நாக்கு தடுக்கவே இல்லை. அம்மா என்றும் நீ என்றும் தானாக வந்துவிட்டது. வெயில் போய்விட்ட பிரம்பு நாற்காலியைப் பார்த்தபடி நான் நின்றேன். செருப்பில் ஒரு காலோடு அம்மாவும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். என்ன பதில் வருமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நிஜமாகவே அடித்துக்கொண்டது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. எதிரில் யாரோ தலையசைத்ததற்குப் பதிலாக அசைப்பது போல் தலையை அசைத்தாள்.

"சரின்னுட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள். செருப்பிலிருந்து காலை எடுத்தாள். உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த சின்ன ஸ்டூலில், விருந்துக்கு வந்தவள் போல நுனியில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என்ன, வீடே கலகலன்னு இருக்கு போல? ஹால்ல மூணு பேர்னு காட்டுதே. யாரு வந்திருக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா ஸ்டூலிலிருந்து என் பக்கம் சாய்ந்து, உதட்டில் விரலை வைத்து, கண்ணால் நாற்காலியைக் காட்டினாள்.

"மெதுவா பேசுங்க. இப்பதான் கண்ணை மூடினாங்க."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.